விழுந்துகொண்டே மிதப்பது எப்படி?

2025 ஜூன் கடைசியில் இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்து வந்த வீடியோக்களை எங்கள் வீட்டில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். தண்ணீர் உருண்டை உருண்டையாக மிதக்கிறது, ஆட்கள் தலைகீழாக நின்றபடி பேசுகிறார்கள். "மேலே போயிட்டா ஈர்ப்பு சக்தி கிடையாதுல்ல, அதான் மிதக்கிறாங்க" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஒன்பதாவது படிக்கும் அக்கா மகள் மட்டும் விடவில்லை. "ஈர்ப்பே இல்லைன்னா அந்த நிலையம் ஏன் மாமா ஓடிப்போகாம பூமியையே சுத்திக்கிட்டு இருக்கு?" என்று கேட்டாள்.

எனக்கு அவ்வளவு சந்தோஷம். சரியான இடத்தில் கை வைத்துவிட்டாள். இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதற்குள் இயக்க விதிகள், ஈர்ப்பு, ஆற்றல் மூன்றையும் தொட்டாக வேண்டும். அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். கணக்கு அதிகம் வராது. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

பஸ்ஸில் நம்மைத் தள்ளியது யார்?

நின்றுகொண்டு பஸ்ஸில் போகிறோம். டிரைவர் சட்டென்று பிரேக் போடுகிறார். நாம் முன்னால் போய் விழுகிறோம். "பிரேக் போட்டதும் தூக்கி எறிஞ்சிடுச்சு" என்கிறோம். எது எறிந்தது? முதுகில் கை வைத்து யாரும் தள்ளவில்லையே.

நடந்தது இதுதான். பஸ் 40 கி.மீ. வேகத்தில் போனபோது நாமும் அதே 40 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருந்தோம். பிரேக் பஸ்ஸை நிறுத்தியது. பஸ்ஸின் தரை நம் பாதத்தைப் பிடித்து நிறுத்தியது. இடுப்புக்கு மேலே பிடித்து நிறுத்த எதுவும் இல்லை, அதனால் உடம்பு பழைய வேகத்திலேயே போனது. புதிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது தொடர்ந்தது, அவ்வளவுதான்.

நின்ற பொருள் நின்றபடியே இருக்கப் பார்க்கும். ஓடுகிற பொருள் அதே வேகத்தில், அதே நேர்கோட்டில் ஓடப் பார்க்கும். இந்தக் குணத்துக்கு நிலைமம் என்று பெயர். இதை மாற்றும் தள்ளலோ இழுப்போ எதுவானாலும் அது விசை. வெளியிலிருந்து விசை வந்தாலொழிய நிலைமை மாறாது என்பது நியூட்டனின் முதல் விதி.

படிக்கும்போது எளிதாக இருக்கும், மனசு ஒப்புக்கொள்ளத்தான் நாளாகும். ஏனென்றால் நம் அனுபவம் நேர்மாறாகச் சொல்கிறது. பெடல் மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிள் நிற்கிறது. மோட்டாரை நிறுத்தினால் படகு நிற்கிறது. 'ஓட வேண்டுமென்றால் தொடர்ந்து விசை வேண்டும்' என்றுதான் தோன்றும். அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து கிட்டத்தட்ட இரண்டாயிரம் ஆண்டுகள் பெரிய பெரிய அறிஞர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அதனால் உங்களுக்குக் குழப்பம் வந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேரம் போர்டை நினைத்துப் பாருங்கள். பவுடர் போடாத போர்டில் ஸ்டிரைக்கர் பாதியிலேயே நின்றுவிடும். பவுடர் போட்டால் அதே சுண்டலுக்கு எதிர்ப்பக்கம் வரை போய் மோதித் திரும்பும். சுண்டிய விரல் ஒன்றுதான், சுண்டிய விசையும் ஒன்றுதான். மாறியது உராய்வு, அதாவது இரண்டு பரப்புகள் உரசும்போது ஓட்டத்தைத் தடுக்கும் விசை. பவுடரை இன்னும் நன்றாகப் போட்டால் இன்னும் தூரம் போகும். உராய்வே இல்லாத, முடிவே இல்லாத போர்டு ஒன்று இருந்தால்? ஸ்டிரைக்கர் போய்க்கொண்டே இருக்கும். சாய்தளத்தில் குண்டுகளை உருட்டிப் பார்த்த கலிலியோ இந்த மாதிரிதான் யோசித்தார்.

அப்படி ஒரு போர்டு நிஜமாகவே இருக்கிறது. 1977 செப்டம்பரில் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம் இன்றைக்கும் நொடிக்குச் சுமார் 17 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. அதைப் பின்னாலிருந்து தள்ள எந்த இன்ஜினும் ஓடவில்லை.

இதுவரை சொன்னது: ஓடுவதற்கு விசை தேவையில்லை. ஓட்டத்தை *மாற்றத்தான்* விசை தேவை. மாற்றம் என்றால் வேகம் கூடுவது, குறைவது, திசை திரும்புவது மூன்றும் சேர்த்தி. திசை திரும்புவதையும் சேர்த்திருப்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நம் கேள்விக்கு அதுதான் சாவி.

நிறை வேறு, எடை வேறு

ஸ்டார்ட் ஆகாத ஸ்கூட்டரை ஒரு ஆள் தள்ளிவிடலாம். ஸ்டார்ட் ஆகாத லாரியை அதே ஆள் அதே பலத்தோடு தள்ளினால் அசைவது தெரிவதற்கே நேரமாகும். ஒரு பொருளின் வேகத்தை மாற்றுவது எவ்வளவு கடினம் என்பதன் அளவு நிறை, இது கிலோகிராமில். வேகம் எவ்வளவு சீக்கிரம் மாறுகிறது என்பது முடுக்கம். இரண்டையும் பெருக்கினால் விசை வரும்:

விசை = நிறை × முடுக்கம்

இது இரண்டாம் விதி. விசையின் அலகு நியூட்டன். 100 கிராம் கடலைப் பொட்டலத்தை உள்ளங்கையில் வைத்தால் அது கையை அழுத்துவது ஏறத்தாழ ஒரு நியூட்டன்.

பேச்சு வழக்கில் "என் எடை 50 கிலோ" என்கிறோம். கடையில் அப்படிப் பேசுவதில் தப்பில்லை. ஆனால் இயற்பியலில் 50 கிலோ என்பது நிறை. எடை என்பது பூமி அந்த நிறையை இழுக்கும் விசை, ஒரு கிலோவுக்கு 9.8 நியூட்டன். 50 கிலோ ஆளுக்கு 490 நியூட்டன். அதே ஆள் நிலவில் நின்றால் எடை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறைந்து சுமார் 81 நியூட்டன் ஆகும். நிறை அங்கேயும் 50 கிலோதான். நிலவில் ஒரு லாரியைத் தூக்குவது எளிதாகலாம். ஓடிவரும் லாரியைக் கை வைத்து நிறுத்துவது இங்கே போலவே கடினம்.

ராக்கெட் எதைத் தள்ளி மேலே போகிறது?

ஒகேனக்கல் பரிசலிலிருந்து கரைக்குத் தாவி இறங்கியவர்களுக்கு இது தெரியும். நாம் முன்னால் தாவ, பரிசல் பின்னால் போகும். நாம் பரிசலைத் தள்ளுகிறோம், அதே அளவு விசையோடு பரிசல் நம்மைத் தள்ளுகிறது. விசை எப்போதும் ஜோடியாகத்தான் வரும், சம அளவில், எதிர்த் திசையில். இது மூன்றாம் விதி.

சமமாக, எதிராக இருந்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்ஜியம் ஆகிவிடாதா? நல்ல கேள்வி, பலர் கேட்கத் தயங்கும் கேள்வியும்கூட. ஆகாது, ஏனென்றால் அந்த இரண்டு விசைகளும் ஒரே பொருளின் மேல் விழுவதில்லை. ஒன்று பரிசலின் மேல், ஒன்று நம் மேல். என் கணக்கில் போட்ட பணமும் உங்கள் கணக்கில் எடுத்த பணமும் கழிந்து பூஜ்ஜியமாவதில்லையே, அப்படி.

ராக்கெட் கீழே இருக்கும் காற்றைத் தள்ளித்தான் மேலே போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது உண்மையானால் காற்றில்லாத இடத்தில் ராக்கெட் வேலையே செய்யாது. ராக்கெட் தள்ளுவது தன் வயிற்றிலிருந்து வெளியேறும் புகையை. புகை கீழே தள்ளப்படுகிறது, அந்தப் புகை ராக்கெட்டை மேலே தள்ளுகிறது. நெல்லை மாவட்டம் மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதிக்கும் விகாஸ் இன்ஜின்களும் செய்வது இதைத்தான். காற்று இருந்தால் அது இடைஞ்சல்தான், உதவி இல்லை.

தேங்காயும் நிலாவும்

ஆப்பிள் விழுந்ததைப் பார்த்து நியூட்டன் ஈர்ப்பைக் கண்டுபிடித்தார் என்று கதை சொல்வார்கள். பொருட்கள் கீழே விழும் என்பது நியூட்டனுக்கு முன்பே எல்லோருக்கும் தெரியும். தென்னை மரத்தடியில் கட்டில் போடக் கூடாது என்று நம் பாட்டிகளுக்கும் தெரியும். அவர் கேட்ட கேள்வி வேறு: மரத்திலிருந்து காயை இழுக்கும் இதே விசை நிலா வரைக்கும் எட்டுமா?

கணக்குப் போட்டுப் பார்த்தார். பூமியின் மையத்திலிருந்து நாம் நிற்கும் தரை ஒரு பங்கு தூரம் என்றால், நிலா 60 பங்கு தூரம். தூரம் கூடக் கூட ஈர்ப்பு தூரத்தின் வர்க்கத்தில் குறையும் என்றால், நிலாவின் இடத்தில் அது 60 × 60, அதாவது 3600-இல் ஒரு பங்காக இருக்க வேண்டும். தரையில் கைவிட்ட ஒரு கல் முதல் நொடியில் 4.9 மீட்டர் விழுகிறது. அதை 3600-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.4 மில்லிமீட்டர். நிலா தன் நேர்கோட்டுப் பாதையிலிருந்து ஒவ்வொரு நொடியும் பூமியை நோக்கி எவ்வளவு வளைகிறது என்று பார்த்தால், அதே 1.4 மில்லிமீட்டர்! தேங்காய்க்கும் நிலாவுக்கும் ஒரே சட்டம். 1687-இல் வெளிவந்த அவருடைய நூலில் இது இடம்பெற்றது. அதுவரை வானத்துக்கு ஒரு விதி, பூமிக்கு ஒரு விதி என்று நினைத்துக்கொண்டிருந்த உலகம் அதற்கப்புறம் மாறிப்போனது. இந்தக் கணக்கை எத்தனை தடவை போட்டாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

சரி, விண்வெளி நிலையத்துக்கு வருவோம். அது இருப்பது தரையிலிருந்து சுமார் 400 கி.மீ. உயரத்தில். பெரிய உயரம் போலத் தெரிகிறது. ஆனால் ஈர்ப்பின் கணக்கில் தூரத்தைப் பூமியின் மையத்திலிருந்து அளக்க வேண்டும். தரையே மையத்திலிருந்து 6371 கி.மீ. தள்ளி இருக்கிறது. நிலையம் 6771 கி.மீ. சிறிய வித்தியாசம்தான். வகுத்து வர்க்கம் எடுத்தால், தரையில் இருக்கும் ஈர்ப்பில் சுமார் 89 சதவீதம் அங்கேயும் இருக்கிறது.

89 சதவீதம்! 400 கி.மீ. உயரத்துக்கு ஒரு ஏணி கட்டி, அதன் உச்சியில் எடை பார்க்கும் மெஷினை வைத்து ஏறி நின்றால், 50 கிலோ காட்டிய முள் 44-ஐக் காட்டும். ஏணியில் நிற்பவர் மிதக்க மாட்டார். கால் தவறினால் விழுவார்.

இதுவரை சொன்னது: ஈர்ப்பு மேலே போனதும் அணைந்துவிடும் விளக்கு இல்லை. தூரத்தோடு மெல்லக் குறைகிறது, நிலா வரைக்கும் அதைத் தாண்டியும் எட்டுகிறது. அப்படியென்றால் சுக்லா ஏன் மிதந்தார்?

அடிவயிறு கூசும் அந்த நொடி

திருவிழாவில் ராட்டினம் ஏறியிருப்பீர்கள். உச்சிக்குப் போய்க் கீழே இறங்கத் தொடங்கும்போது அடிவயிற்றில் ஒரு ஜிலீர். உடம்பு இலேசாகிவிட்ட மாதிரி, சீட்டிலிருந்து எழும்பிவிடுவோமோ என்று தோன்றும். அந்த நொடியில் ஈர்ப்பு குறைந்துவிட்டதா? இல்லவே இல்லை. குறைந்தது சீட் நம்மைத் தாங்குவது.

கனம் என்று நாம் உடம்பில் உணர்வது ஈர்ப்பை நேரடியாக அல்ல. தரையோ நாற்காலியோ நம்மை மேல்நோக்கித் தாங்கும் அழுத்தத்தைத்தான் கனமாக உணர்கிறோம். தாங்குவதும் நம்மோடு சேர்ந்து விழுந்தால் அழுத்தம் மறைந்துவிடும். கனமும் மறைந்துவிடும். ஈர்ப்பைத் தவிர வேறு எதுவும் தாங்காமல் ஒரு பொருள் விழுவதை தடையற்ற வீழ்ச்சி என்கிறோம். அப்போது உணரும் கனமற்ற நிலைதான் எடையின்மை. பெயரைப் பார்த்து ஈர்ப்பே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். நானும் அக்கா மகளும் அன்றைக்கு ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்து, அடிப்பக்கத்தில் சூடான ஆணியால் ஒரு ஓட்டை போட்டோம். (ஆணியைப் பெரியவர்கள் பிடிக்கட்டும்.) ஓட்டையை விரலால் அடைத்துத் தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்தே வைத்துவிட்டு விரலை எடுத்தால் பக்கவாட்டில் தண்ணீர் பீய்ச்சியது. அப்படியே முதல் மாடியிலிருந்து பாட்டிலைக் கைவிட்டேன். அவள் கீழே நின்று போனில் ஸ்லோ மோஷனில் எடுத்தாள். கை விட்ட கணத்தில் பீய்ச்சல் நின்றுவிட்டது. ஓட்டை திறந்திருக்கிறது, உள்ளே தண்ணீர் இருக்கிறது, ஒரு சொட்டும் புதிதாக வெளியே வரவில்லை. தரையில் மோதியதும் சிதறியது.

கையில் இருந்தபோது மேலே உள்ள தண்ணீரின் கனம் கீழே உள்ள தண்ணீரை அழுத்தி வெளியே தள்ளியது. விழும்போது பாட்டிலும் தண்ணீரும் ஒரே வேகத்தில் விழுகின்றன, ஒன்றை ஒன்று அழுத்துவதில்லை. அதனால் பீய்ச்ச எதுவுமில்லை. அந்த அரை நொடிக்கும் மேலான நேரத்துக்கு எங்கள் பாட்டிலுக்குள் இருந்தது விண்வெளி நிலையத்தில் இருக்கும் அதே நிலைமைதான்.

கனமான பாட்டிலும் உள்ளே இருக்கும் சின்னச் சொட்டும் எப்படி ஒரே வேகத்தில் விழும்? கனமானதைப் பூமி அதிக விசையோடு இழுக்கிறது, ஆனால் அதை முடுக்குவதும் அதே அளவுக்குக் கடினம். இரண்டும் சரிக்குச் சரி கழிந்துபோகும். இறகு மெதுவாக விழுவது காற்றின் தடையால். 1971-இல் அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட், காற்றே இல்லாத நிலவில் நின்று ஒரு கையில் சுத்தியலையும் மறு கையில் வல்லூறு ஒன்றின் இறகையும் பிடித்து ஒரே நேரத்தில் விட்டார். இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன.

விழுகிறது, ஆனால் தரை வரவில்லை

மிதப்பவர் விழுந்துகொண்டிருக்கிறார் என்றால், எப்போது தரையில் மோதுவார்? இங்கேதான் அவளும் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

உயரமான மலையுச்சியில் நின்று ஒரு கல்லைக் கிடையாக எறியுங்கள். கொஞ்ச தூரம் போய் விழும். இன்னும் வேகமாக எறிந்தால் இன்னும் தள்ளிப் போய் விழும். காற்றே இல்லை, எறியும் கைக்கு எல்லையில்லாத பலம் உண்டு என்று வைத்துக்கொள்வோம். (நியூட்டனும் இப்படி ஒரு மலையைப் படமாக வரைந்துதான் விளக்கினார்.) கல் ஒவ்வொரு நொடியும் கீழே விழத்தான் செய்கிறது, முதல் நொடியில் ஏறத்தாழ 5 மீட்டர். ஆனால் பூமி தட்டை இல்லையே, உருண்டை. சுமார் 8 கி.மீ. தள்ளிப் போனால் தரையும் 5 மீட்டர் கீழே வளைந்திருக்கும்.

இப்போது கல்லை நொடிக்கு 8 கி.மீ. வேகத்தில் எறிந்தால்? ஒரு நொடியில் 5 மீட்டர் விழுகிறது. அதே நொடியில் தரையும் 5 மீட்டர் கீழே போய்விடுகிறது. அடுத்த நொடியும் அப்படியே. விழுந்த தூரமெல்லாம் விழுந்தாயிற்று, தரை மட்டும் நெருங்கவே இல்லை. கல் பூமியைச் சுற்றி வந்து நம் பின்மண்டையைத் தாக்கும்! இதுதான் சுற்றுப்பாதை.

விண்வெளி நிலையத்தின் வேகம் நொடிக்குச் சுமார் 7.66 கி.மீ. சென்னையிலிருந்து மதுரைக்குப் போகும் சாலைத் தூரத்தை ஒரே நிமிடத்தில் கடக்கும் வேகம் அது. சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பூமியை ஒரு சுற்று சுற்றிவிடும். நிலையம், அதற்குள் இருக்கும் ஆட்கள், தண்ணீர் உருண்டை எல்லாம் எங்கள் பாட்டிலும் தண்ணீரும் போல ஒன்றாகவே விழுந்துகொண்டிருக்கிறார்கள். அதனால்தான் மிதக்கிறார்கள்.

இன்னொரு விளக்கத்தையும் அடிக்கடி கேட்கிறோம்: 'வெளியே இழுக்கும் மையவிலக்கு விசையும் உள்ளே இழுக்கும் ஈர்ப்பும் சமமாகிவிட்டன, அதனால் சுற்றுகிறது' என்று. வெளியே நின்று பார்க்கும் நமக்கு இது பொருந்தாது. விசைகள் சமமாகிக் கழிந்துவிட்டால் முதல் விதிப்படி நிலையம் நேர்கோட்டில் போய்விடும், வளையவே வளையாது. கவணில் கல்லை வைத்துச் சுழற்றிவிட்டுக் கயிற்றின் ஒரு முனையை விட்டால் கல் எப்படி நேராகப் பாய்கிறதோ, அப்படி. வளைகிறது என்றாலே கழியாத ஒரு விசை உள்நோக்கி இழுக்கிறது என்று அர்த்தம். அக்கா மகள் தேடிய கயிறு ஈர்ப்புதான்.

இதுவரை சொன்னது: நிலைமம் நிலையத்தை நேராகப் போகச் சொல்கிறது, ஈர்ப்பு அதை வளைக்கிறது. ஈர்ப்பு இல்லாமல் சுற்றுப்பாதையே கிடையாது.

ஆற்றல் ஒரு கணக்குப் புத்தகம்

'எனர்ஜி' என்ற சொல் இன்றைக்குப் படும் பாடு கொஞ்சமில்லை. பானத்தில் எனர்ஜி, வீட்டு வாசலில் பாசிட்டிவ் எனர்ஜி, பேச்சாளரிடம் எனர்ஜி. இயற்பியலில் இதற்கு ஒரே பொருள்தான், அதுவும் அளந்து எண்ணாகச் சொல்லக்கூடிய பொருள். ஒரு பொருளை விசை கொடுத்து நகர்த்துவது வேலை. அந்த வேலையைச் செய்யும் திறன் ஆற்றல். அலகு ஜூல். நம் கடலைப் பொட்டலத்தை ஒரு மீட்டர் தூக்கினால் ஏறத்தாழ ஒரு ஜூல்.

உயரத்தில் இருப்பதால் கிடைக்கும் ஆற்றல் நிலை ஆற்றல். ஓட்டத்தால் கிடைக்கும் ஆற்றல் இயக்க ஆற்றல். ஊஞ்சலில் இரண்டும் கை மாறிக்கொண்டே இருக்கும். உச்சியில் ஒரு கணம் நிற்கும்போது எல்லாம் நிலை ஆற்றல், அடியில் விருட்டென்று கடக்கும்போது பெரும்பகுதி இயக்க ஆற்றல். ஒரு கணக்கில் எடுத்து இன்னொரு கணக்கில் போடுகிறோம், மொத்தம் மாறாது. ஊஞ்சல் கடைசியில் நின்றுபோனால் ஆற்றல் காணாமல் போனது என்று அர்த்தமில்லை. சங்கிலியின் உராய்விலும் காற்றிலும் வெப்பமாகச் சேர்ந்துவிட்டது.

ஊஞ்சல் செய்ததை நிலவுக்குப் போன சந்திரயான் 3 விண்கலமும் செய்தது. 2023 ஜூலை 14 அன்று ஏவப்பட்டதும் அது போய் நின்றது 170 கி.மீ. முதல் சுமார் 36,500 கி.மீ. வரை நீண்ட ஒரு முட்டை வடிவப் பாதையில். பூமிக்கு அருகில் வரும்போது நொடிக்கு 10 கி.மீ.க்கு மேல் வேகம், தூரத்து முனையில் வெறும் ஒன்றரை கி.மீ. வாக்கில். அருகில் வேகம், தூரத்தில் உயரம்.

இயக்க ஆற்றலில் ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். பைக்கில் 30 கி.மீ. வேகத்தில் மோதுவது சுமார் மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து, ஒரு மாடியிலிருந்து, விழுவதற்குச் சமம். 60 கி.மீ. வேகத்தில் மோதுவது 14 மீட்டரிலிருந்து விழுவதற்குச் சமம், அதாவது நாலு மாடி. நாலாவது மாடியின் கைப்பிடிச் சுவரில் யாரும் விளையாட்டாக நடப்பதில்லை. ஹெல்மெட் இல்லாமல் 60-இல் போகும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு அந்தச் சுவர்தான் கண்ணில் தெரிகிறது.

ஒரு யூனிட்டும் எட்டு யூனிட்டும்

ஜூல் சின்ன அலகு, கைக்கு அகப்படாது. கரண்ட் பில்லில் வரும் யூனிட் எல்லோருக்கும் தெரியும். ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். 1000 லிட்டர் தண்ணீரை 10 மீட்டர் உயரத் தொட்டிக்கு ஏற்ற 98,000 ஜூல் போதும். வீணாவது எதுவும் இல்லையென்றால் ஒரு யூனிட்டில் 36 தொட்டி நிரப்பலாம். நிஜத்தில் மோட்டாரின் சூட்டிலும் குழாயின் உராய்விலும் போகும் பங்கு இருப்பதால் அவ்வளவு நிரம்பாது.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு ஒரு கிலோ அரிசியை 400 கி.மீ. உயரத்துக்குத் தூக்குவோம். உயரத்துக்காக மட்டும் தேவைப்படும் ஆற்றல் சுமார் 37 லட்சம் ஜூல். கிட்டத்தட்ட ஒரே ஒரு யூனிட்! விண்வெளி வரை தூக்க ஒரு யூனிட்தானா என்று அவள் கால்குலேட்டரை வாங்கி மறுபடி போட்டுப் பார்த்தாள். சரியாகத்தான் வந்தது. ஆனால் அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டால் அரிசி நேராகக் கீழே விழும். விழுந்தும் தரையைத் தொடாமல் சுற்ற, அதற்கு நொடிக்கு 7.66 கி.மீ. பக்கவாட்டு வேகம் கொடுக்க வேண்டும். அந்த இயக்க ஆற்றல் சுமார் 293 லட்சம் ஜூல், எட்டு யூனிட்.

மேலே போவதற்கு ஒன்று, பக்கவாட்டில் வேகமெடுப்பதற்கு எட்டு. விண்வெளிக்குப் போவது கடினம் என்பதற்குக் காரணம் உயரம் என்று நினைக்கிறோம். பெரிய செலவு வேகத்துக்கு. மொத்தம் ஒன்பது யூனிட்தான் என்றாலும் ராக்கெட் மலை போல இருப்பது, எரிபொருளைத் தூக்கவும் எரிபொருள் வேண்டியிருப்பதால். சந்திரயான் 3-இன் நிறை சுமார் 3,900 கிலோ. அதைத் தூக்கிய எல்.வி.எம். 3 ராக்கெட் கிளம்பும்போது சுமார் 640 டன்.

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் வானம் தெளிவாக இருந்தால், வடசென்னை மொட்டை மாடிகளிலிருந்தும் பழவேற்காட்டிலிருந்தும் புகைக்கோடு தெரியும். நேராகக் கிளம்பிய கோடு கொஞ்ச நேரத்திலேயே கடல் பக்கம் வளையத் தொடங்கும். "ஐயோ, சாயுதே" என்று பதறுபவர்களும் உண்டு. அது சாய்வதுதான் சரி. அடர்ந்த காற்றைத் தாண்டும் வரை மேலே ஏறிவிட்டு, அந்த எட்டு யூனிட் வேலையைத் தொடங்குகிறது. கிழக்கே சாய்வதில் ஒரு லாபமும் உண்டு: அந்த இடத்தில் பூமியே நொடிக்குச் சுமார் 450 மீட்டர் வேகத்தில் கிழக்கே சுழன்றுகொண்டிருப்பதால், அந்த வேகம் ராக்கெட்டுக்கு இலவசம்.

ஏறிய வேகம் இறங்க வேண்டுமே

வேகத்தில் போட்ட ஆற்றலைத் திரும்பி வரும்போது எங்கேயாவது கொட்ட வேண்டும். கணக்கு அப்படி. 2025 ஜூலை 15 அன்று சுக்லா வந்த கலன் பசிபிக் கடலில் இறங்கியது. சுற்றுப்பாதையில் இருந்த வேகத்தின் பெரும்பகுதியைக் காற்றுதான் வாங்கிக்கொண்டது. கலன் முன்னாலிருந்த காற்றை அமுக்க, அது கொதித்து ஒளிர்ந்தது. அந்தச் சூட்டைத் தாங்கத்தான் கலனின் அடியில் வெப்பக் கவசம்.

நிலவில் அந்த வசதி இல்லை, காற்றே கிடையாது. 2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான் 3-இன் தரையிறங்கும் கலமான விக்ரம் லேண்டர் இறங்கத் தொடங்கியபோது அதன் உயரம் சுமார் 30 கி.மீ., பக்கவாட்டு வேகம் நொடிக்குச் சுமார் 1.68 கி.மீ. உயரத்தால் வந்த ஆற்றலைப் போல வேகத்தால் வந்தது கிட்டத்தட்ட 29 மடங்கு. அது முழுவதையும் இன்ஜினை எதிர்த்திசையில் எரித்தே தீர்க்க வேண்டியிருந்தது. சுமார் 19 நிமிடம். விழுப்புரத்துக்காரரான திட்ட இயக்குநர் வீரமுத்துவேலும் அவருடைய குழுவும் திரையை விட்டுக் கண் எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் பார்த்தது உயரம் காட்டிய எண்ணை. அதே திரையில் கிடைத்திசை வேகம் என்று இன்னொரு எண்ணும் ஓடிக்கொண்டிருந்தது, நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. போன வாரம் அக்கா மகள் அந்த ஒளிபரப்பைத் தேடி எடுத்து மறுபடி போட்டாள். இந்த முறை உயரத்தின் பக்கம் அவள் பார்வை போகவே இல்லை. குறைந்துகொண்டே வந்த அந்த இன்னொரு எண்ணின் மேல் விரலை வைத்துக்கொண்டு, அது பூஜ்ஜியத்தை நெருங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.